தையல் மேசையில் என் கைக்கு எட்டும் இஸ்திரிப் பலகை

வணக்கம். அந்த மடக்கு இஸ்திரிப் பலகை பழைய வீடியோக்களில் எனக்குப் பின்னால் நிற்குமே, அது மொட்டைமாடிக்குப் போய்விட்டது. இனி அதில் வடகம் காய வைக்கலாம். உள்ளே ஸ்பாஞ்ச், அடியில் இரும்பு வலை. ஸ்பாஞ்ச் அமுங்கிப்போன பிறகு நீராவி இஸ்திரியை வைத்து அழுத்தினால் வலையின் கட்டம் கட்டமான தடம் துணியில் விழுகிறது. பட்டு ரவிக்கையின் முதுகில் அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

இதோ புதியது. இயந்திரத்துக்கு இடப்பக்கம், நாற்காலியை விட்டு எழாமலே எட்டுகிறது. கழுத்து வளைவைத் தைத்தேன், திரும்பினேன், அழுத்தினேன், அவ்வளவுதான்.

பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டடிக்கு ஒன்றரை அடி. மரக்கடையில் எட்டடிக்கு நாலடி முழு ஷீட்தான் தருவார்களாம். ‘மீதி எதற்காவது ஆகும்’ என்று அறிவுரை வேறு! எங்கள் தெருவில் அலமாரி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் போனேன். சுவரில் சாய்த்திருந்த வெட்டுத்துண்டைக் காட்டி 200 ரூபாய் என்றார். நான் 100 என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. 150-இல் வந்து நின்றது. ரீப்பர் எனும் மெல்லிய நீளச் சட்டக் கட்டைகள் இரண்டையும் அதே விலைக்குள் வாங்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தரவும் வைத்துவிட்டேன். வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லியாயிற்று, நீங்கள்தான் பாக்கி.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மலிவு என்று அதன் பக்கம் போகாதீர்கள், நீராவி பட்டால் ஊதிவிடும். ரீப்பர் இரண்டையும் அடியில் அடித்திருக்கிறேன். ஒன்று மேசை விளிம்பைக் கவ்விக்கொள்வதால் பலகை நகராது. இடையில் காற்று போவதால் மேசையின் சன்மைக்காவுக்குச் சூடு இறங்காது.

மேலே பழைய கம்பளி, இரண்டு மடிப்பு. அசல் கம்பளியாக இருக்க வேண்டும். பருத்திக்கு வைக்கும் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். கம்பளி உருகாது, ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். பளபளக்கும் செயற்கை இழைப் போர்வை அந்தச் சூட்டில் இளகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி உருண்டையாக இறுகினால் வேண்டாம்.

அதற்கு மேல் காடாத்துணி, அதாவது வெளுக்காத பருத்தித்துணி. ஐயோ, சொல்ல மறந்தேன்: அதை முதலிலேயே நனைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் இழுத்துக் கட்ட வேண்டும். கோடித்துணி கஞ்சியோடு இருக்கும், பிறகு சுருங்கும். சோபா தைப்பவர்கள் வைத்திருக்கும் ஸ்டேப்ளரில் 8 மில்லிமீட்டர் பின் போதும். பலகையின் தடிமனைவிட நீளமானால் பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்க நடுவில் ஒரு பின், அப்படியே மாறி மாறி. மூலைகள் கடைசியில். நெசவு இழை கோணாமல் பாருங்கள்; நேராக இருந்தால் பட்டி மடிக்கும்போது அதுவே அளவுகோல்.

குஞ்சம் வைத்த நுனித்துணி போடலாமா, பூப்போட்ட உறை தைக்கலாமா என்று எப்படியும் கேட்பீர்கள். என் பலகையில் கிடையாது. குஞ்சம் இஸ்திரிப்பெட்டியில் மாட்டும், நீராவி பட்ட சாயம் வெள்ளை லைனிங்கில் ஏறும். காடா பழுப்பேறினால் பின்னைப் பிடுங்கிவிட்டு வேறு மாட்டிக்கொள்வேன்.