காணி அண்ணனுக்கு, கடமை தம்பிக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: 1867-இன் கனடியக் கூட்டாட்சி பூர்வகுடிகளுக்குத் தந்தது பாதுகாப்பா, பறிப்பா? ‘பறிப்பே’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று விடயங்களைச் சொன்னார். சிதறிக் கிடந்த பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1867-இல் கனடா என்ற கூட்டாட்சியாக ஒன்றுசேராமல் இருந்திருந்தால் அமெரிக்கக் குதிரைப்படை வடக்கேயும் வந்திருக்கும் என்றார். கனடா சண்டை பிடிக்கவில்லை, ஒப்பந்தம் எழுதித்தான் காணி வாங்கியது என்றார். உள்ளூர் அரசுகளின் பேராசைக்கு ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, அணை போட்டது என்றார். நல்ல கைதட்டல் விழுந்தது. நானும்தான் தட்டினேன். இனிக் கணக்கைப் பார்ப்போம்.

1864 செப்டெம்பரில் சார்லட்டவுன், ஒக்டோபரில் கியூபெக், 1866 கடைசியில் லண்டன் என்று கூட்டாட்சியை வகுக்க மூன்று மாநாடுகள் நடந்தன. கியூபெக்கில் மட்டும் 72 தீர்மானங்கள். எந்தக் கடனை யார் ஏற்பது, மேலவையில் யாருக்கு எத்தனை ஆசனம், ரயில்பாதை எங்கே போவது, எல்லாம் பேசினார்கள். மூன்றிலும் பூர்வகுடிப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. விளைந்த சட்டத்தில் 147 பிரிவுகள். அவர்களைப் பற்றி ஒரேயொரு வரி. மத்திய அரசின் அதிகாரங்களைப் பட்டியலிடும் 91-ஆம் பிரிவில் 24-ஆவதாக, ‘இந்தியர்களும் இந்தியர்களுக்கென ஒதுக்கிய காணிகளும்’ என்று இருக்கிறது. பூர்வகுடிகளை அன்று ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள். அதற்கு மேலே 23-ஆவது பதிப்புரிமை. கீழே 25-ஆவது, குடியுரிமை வழங்கலும் அந்நியரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவுதான் இடம்.

நண்பர் இந்த ஒரு வரியைத்தான் பாதுகாப்பு என்கிறார். அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவையும் வாசிக்க வேண்டும். காணியும் சுரங்கமும் கனிமமும் மாகாணத்துக்கு. 92-ஆம் பிரிவில் பொதுக் காணியையும் அதிலுள்ள மரத்தையும் விற்கும் அதிகாரமும் மாகாணத்துக்கே. நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் அம்மாவின் காணி முழுவதையும் அண்ணன் பெயருக்கு எழுதிவிட்டு, அம்மாவுக்குச் சோறு போடும் பொறுப்பைத் தம்பி தலையில் கட்டுவதுண்டு. அதன்பிறகு அந்த அம்மா இரண்டு வாசலிலும் நிற்க வேண்டியதுதான். இதைச் செய்தது தனிமனிதக் கெடுமதி என்று நான் வாதாட வரவில்லை. குடியேற்றங்களை ஒட்டிய அந்தத் தையலிலேயே கோளாறு இருக்கிறது. என் வழக்கு அதுதான்.

அந்தத் தையல் எப்படிப் பிரிந்தது என்பதற்குச் சான்று வேண்டுமா? 1873-இல் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களோடு ஒட்டாவா மூன்றாம் இலக்க ஒப்பந்தம் செய்தது. சுமார் 55,000 சதுர மைல். பத்து ஆண்டு கழித்து அங்கே வாபிகூன் ஏரிக் கரையில் மரம் வெட்ட ஒரு கம்பனிக்கு ஒட்டாவா அனுமதிப் பத்திரம் கொடுத்தது. ஒன்ராறியோ மாகாணம், ‘மரம் எங்களுடையது’ என்று வழக்குப் போட்டது. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1888-இல் ஒன்ராறியோ வென்றது. அனிஷினாபே மக்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்கூட இல்லை. ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் உரிமை என்பது மன்னரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த வெறும் அனுபவ உரிமைதான் என்று அவர்கள் இல்லாத மன்றத்தில் தீர்ப்பு எழுதப்பட்டது. பலன் என்ன? ஒப்பந்தத்தில் ஒட்டாவா வாக்களித்த ஒதுக்குக் காணிகளை உறுதிசெய்ய மாகாணத்தின் சம்மதம் வேண்டியதாயிற்று. அந்தச் சம்மதம் கிடைத்தது 1915-இல். நாற்பத்திரண்டு ஆண்டு!

காசு விடயத்துக்கு வருவோம். ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரைக்குப் பூர்வகுடிகளோடு 1850-இல் எழுதிய ரொபின்சன் ஒப்பந்தங்கள் கூட்டாட்சிக்கு முந்தியவை. அவற்றில் அருமையான ஒரு நிபந்தனை உண்டு: காணி நல்ல வருமானம் தந்தால், அரசுக்கு நட்டம் வராத அளவுக்கு, அவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தை உயர்த்த வேண்டும். 1875-இல் ஆளுக்கு 4 டொலராக உயர்த்தினார்கள். அதன்பிறகு ஒரு சதமும் ஏறவில்லை. அந்த மண்ணில் சட்பரியின் நிக்கல் தோண்டப்பட்டது, எலியட் லேக்கின் யுரேனியம் தோண்டப்பட்டது, காடு காடாக மரம் போனது. ஏன் உயரவில்லை? நிபந்தனை எழுதியபோது காணி வருமானமும் கொடுக்கும் கடனும் ஒரே அரசின் கையில் இருந்தன. 1867-இல் வருமானம் ஒன்ராறியோவிடம் போனது, பூர்வகுடிகளின் பொறுப்பு ஒட்டாவாவிடம் போனது. உயர்த்திய பணம் யார் தலையில் என்று இரண்டு அரசுகளும் 1890-களில் லண்டன் வரை போய் வழக்காடின. வழக்குச் செலவுக்கு மட்டும் காசு இருந்தது. 2023-இல்தான் ரொபின்சன்-ஹியூரன் பகுதியின் 21 பூர்வகுடிச் சமூகங்களுக்கு 1,000 கோடி டொலர் இணக்கத் தொகை அறிவித்தார்கள், ஒட்டாவாவும் ஒன்ராறியோவும் பாதிப் பாதி. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தங்களை அரசு மீறிவிட்டது என்று கடுமையாகவே எழுதியது. ஒரு தலைக்கு 4 டொலர், ஒன்றரை நூற்றாண்டு. நடுவர் அவர்களே, இதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள்.

மேற்கே போனால், 1870-இல் ஹட்சன்ஸ் பே என்ற மென்மயிர் வணிகக் கம்பனியிடமிருந்து மாபெரும் ரூபர்ட்ஸ் லாண்ட் நிலப்பரப்பு 3,00,000 பவுணுக்குக் கனடாவுக்குக் கைமாறியது. வளமான நிலத்தில் இருபதில் ஒரு பங்கைக் கம்பனி தனக்கு வைத்துக்கொண்டது. அங்கே குடியிருந்தவர்களிடம் கேள்வியே இல்லை. அந்த நிலப்பரப்பின் ரெட் ரிவர் குடியிருப்பில், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டீ மக்கள் நில அளவையாளர்களை மறித்த பிறகுதான் 1870 மனிற்றோபாச் சட்டத்தில் அவர்களின் பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் என்று எழுதினார்கள். பங்கீட்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், அதற்குள் பலர் விற்றுவிட்டு மேற்கே போனார்கள். அரசு அந்த வாக்கை நேர்மையாக நிறைவேற்றவில்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

‘அமைதியாக ஒப்பந்தம் எழுதினார்கள்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் எழுதுவது கூட்டாட்சி கண்டுபிடித்த வித்தை அல்ல. அந்த முறையை 1763-இன் அரசப் பிரகடனமே விதித்துவிட்டது. கூட்டாட்சி செய்தது, எழுதிய மை காயுமுன் அதே மக்களை ஆளும் சட்டத்தையும் எழுதியது. 1876-இல் சமவெளியின் கிரீ மக்களோடு ஆறாம் இலக்க ஒப்பந்தம்: பயிர் செய்யும் குடும்பத்துக்கு 4 மண்வெட்டி, மூன்று குடும்பத்துக்கு ஒரு கலப்பை, பஞ்சம் வந்தால் உதவி. அதே 1876-இல் இந்தியர் சட்டம். 1881-இல் அதில் ஒரு திருத்தம்: சமவெளிப் பூர்வகுடி விளைவித்த தானியத்தை அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. உழக் கலப்பை கொடு, விளைந்ததை விற்க அதிகாரியிடம் சீட்டு வாங்கச் சொல். 1885 முதல் ஒதுக்குக் காணியை விட்டு வெளியே போகவும் சீட்டு. இந்தச் சீட்டுக்குச் சட்டமே கிடையாது, நிர்வாகம் தானாக நடத்தியது. அதே ஆண்டு நவம்பரில் பட்டில்ஃபோர்டில், அந்த ஆண்டுக் கிளர்ச்சிக்காக, எட்டுப் பூர்வகுடியினரை ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். 1927 முதல் 1951 வரை, காணி வழக்குக்கு அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றம். நாடாளுமன்றத் தேர்தலில், ‘இந்தியர்’ என்ற சட்ட அந்தஸ்தை இழக்காமல் வாக்குரிமை கிடைத்தது 1960-இல்.

எதிரணிக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒட்டாவா மாகாணத்தைவிடத் தாராளம்தான். சமவெளியில் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை ஒதுக்கிய நாட்டில் அந்த மாகாணம் 10 ஏக்கர் என்றது. ஒட்டாவா கூட்டிக் கேட்டது, மாகாணம் மறுத்தது. ஏன் மறுக்க முடிந்தது? காணி மாகாணத்தின் கையில் என்று 1871-இல் அது இணைந்தபோதும் விட்டுக்கொடுத்ததால்தான். அணை போட்டவர் சாவியை ஏன் அடுத்தவரிடம் கொடுத்தார்?

இது பழங்கதை இல்லை. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்தில் ஜோர்டன் என்ற சிறுவன், சிக்கலான நோயோடு 1999-இல் பிறந்தான். இரண்டு வயதில், வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது? சுகாதாரம் மாகாணம், பூர்வகுடி மத்திய அரசு. குளியலறை ஷவர் தலைக்கு யார் காசு கொடுப்பது என்பதுவரை தர்க்கம் நடந்தது. 2005-இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே அவன் இறந்தான். முதலில் யாரிடம் வருகிறதோ அந்த அரசே செலவழிக்கட்டும், சண்டை பிறகு என்ற ஜோர்டன் கோட்பாட்டை 2007-இல் நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்த 2016-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் ஆணையிட வேண்டியிருந்தது.

கடைசியாக, ‘பூர்வகுடி உரிமைகளை ஏற்கும் 1982 அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு எல்லாவற்றையும் திருத்திவிட்டதே’ என்று அடுத்த பேச்சாளர் எழுவார், குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்தப் பிரிவுக்காக 1980 நவம்பரில் வன்கூவரிலிருந்து ஒட்டாவாவுக்கு ரயில் ஏறி வந்தார்கள் பூர்வகுடி மக்கள். 1981 நவம்பரில் ஒட்டாவாவும் ஒன்பது மாகாணங்களும் உடன்பாட்டுக்கு வந்தபோது, அந்தப் பிரிவை வெட்டிவிட்டார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் திரும்ப வந்தது, ‘இருக்கின்ற’ உரிமைகள் என்ற ஒட்டுச் சொல்லோடு. மத்திய அரசும் மாகாணங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதலில் வெட்டுப்படுவது யாருடைய வரி என்பதற்கு அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். நன்றி.