ஒரு டன் சப்பரமும் ஒரு நிமிஷப் பாட்டும்: ஹகாட்டா கியோன் யமகாசா

[காட்சி: விடியாத இருட்டு. குஷிடா கோயில் வாசல். இடுப்புல கோவணக் கட்டு, மேல குட்டைச் சட்டையோட நூத்துக்கணக்கான ஆம்பளைங்க.]

ஜூலை 15, விடிகாலை 4.59. சப்பரத்தைத் தூக்கிட்டு ஓடுற ‘ஹகாட்டா கியோன் யமகாசா’ திருவிழாவோட ஓட்டம் கிளம்புற நேரம். ஏன் சரியா அஞ்சு மணிக்குக் கிளம்பல? முதல்ல ஓடுற குழுவுக்கு மட்டும் கோயிலுக்குள்ள நின்னு ஒரு மங்களப் பாட்டு பாடுற உரிமை உண்டு. அந்த ஒரு நிமிஷம் அதுக்குத்தான்.

இடம், ஜப்பானோட ஃபுகுவோகா நகரத்துல இருக்கிற ஹகாட்டா பகுதி. 1241-ல கொள்ளைநோய் பரவினப்போ, ஷோயிச்சி கொகுஷிங்கிற புத்தத் துறவியை ஒரு பலகையில உட்கார வெச்சு ஜனங்க தூக்கிட்டுப் போக, அவர் தெருத்தெருவா தீர்த்தம் தெளிச்சாராம். திருவிழா அப்படித்தான் ஆரம்பிச்சதுன்னு ஊர்ல சொல்றாங்க.

[காட்சி: சப்பரத்தின் அடிச்சட்டம், கயித்து முடிச்சு, மிக அருகில்.]

இந்தச் சப்பரத்துல ஆணியே கிடையாது, எல்லாம் கயித்துக்கட்டு. சக்கரமும் இல்ல. எடை சுமார் ஒரு டன். ஒரு நேரத்துல ஏறக்குறைய 26 பேர்தான் தோள் கொடுக்க முடியும். ஆனா ஓட வேண்டியது அஞ்சு கிலோமீட்டர்! அதனால ஓட்டம் நிக்காமலே ஆள் மாறணும். மேல உட்கார்ந்திருக்கிறவர் சிவப்புக் கோலை நீட்டி அதட்டுவார். ஒருத்தர் தோளை உருவ, இன்னொருத்தர் உள்ள நுழைவார். வீட்டு வாசல்ல நிக்கிறவங்க வாளி வாளியா தண்ணி வீசுவாங்க. முன்னால சின்னப் பசங்க பலகையைத் தூக்கிட்டு ஓடுவாங்க.

இந்த ஒழுங்கு ஒரே நாள்ல வந்துடாது. சப்பரத்தை எடுக்கிற பேட்டைக் கூட்டம் ஏழு. ஒவ்வொண்ணுக்கும் ‘நகாரே’ன்னு பேரு. 1587-ல அப்போ ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி ஊரைத் திரும்பக் கட்டினப்போ பிரிச்ச பிரிவுகள்ல இருந்து வந்த வழக்கம் இது. இங்க பெரிய கம்பெனி மேனேஜரா இருந்தாலும் புதுசா வந்தா கடைசி ஆள்தான். ஏவுறது பக்கத்துத் தெரு கடைக்காரரா இருக்கலாம். யாருக்கு என்ன பொறுப்புன்னு தலையில கட்டின துண்டே சொல்லிடும். சிவப்புத் துண்டு கிடைக்க வருஷக்கணக்கா உழைக்கணும். அதைக் கட்டின அன்னைக்கு வீட்டுல கொண்டாட்டம்தான்.

பெண்கள் சப்பரம் தூக்குறதில்ல. சமையல்ல இருந்து துணிமணி வரைக்கும் அவங்க பாத்துக்காம ஒரு ஓட்டமும் நடக்காது. அதைக் கேமரா அவ்வளவா காட்டுறதில்ல.

இன்னொண்ணு: திருவிழா முடியிற வரைக்கும் வெள்ளரிக்காய் தொடமாட்டாங்க. குறுக்கா நறுக்கினா கோயில் சின்னம் மாதிரி தெரியுதாம்!

[காட்சி: வெளிச்சம் வந்தாச்சு. கலையுற சப்பரம்.]

ஓட்டம் முடிஞ்ச கையோட சப்பரத்தைப் பிரிக்க ஆரம்பிச்சிடுறாங்க. கயிறு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். நனைஞ்ச சட்டையோடயே எல்லாரும் சாப்பிட உட்கார்றாங்க.