ஈஜியஸிடம் மெடியா வாங்கிய சத்தியம்

வணக்கம் நண்பர்களே. கிரேக்கத் துன்பியல் நாடகப் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தடையை மீறி உடன்பிறந்தவனை அடக்கம் செய்த ஆன்டிகனியும் கணவனைக் கொன்ற கிளிதெம்னெஸ்திராவும் முன்னால் வந்து நிற்பார்கள். இன்று நான் மெடியாவைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் என்ற ஒரே வரியில் அவள் கதையை முடித்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் ‘மெடியா’ என்ற நாடகத்தைக் கி.மு. 431-இல் ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த விழாவின் நாடகப் போட்டியில் அரங்கேற்றினார்; கிடைத்தது மூன்றாம் இடம், அதாவது கடைசி இடம். முகமூடி அணிந்து மெடியாவாக நடித்தவரும் ஆண்தான். அந்த ஊர்ச் சட்டப்படி, ஒரு மெடிம்னோஸ் பார்லியின், அதாவது ஏறத்தாழ 52 லிட்டர் தானியத்தின், மதிப்பைத் தாண்டிய ஒப்பந்தம் எதையும் ஒரு பெண் தானாகச் செய்ய முடியாது. திருமணத்தைக்கூட மணமகளின் தந்தையும் மணமகனுமே தங்களுக்குள் உறுதி செய்துகொண்டார்கள்.

மெடியாவோ தந்தையை மீறி, தான் காதலித்த கிரேக்க வீரன் ஜேசனோடு வந்தவள். அவனுடைய திருமணச் சத்தியத்தைத் தானே நேரடியாகப் பெற்றவள். அவன் கொரிந்து மன்னன் கிரியோனின் மகளை மணந்தபோது அவள் மீண்டும் மீண்டும் முறையிடுவது, வலக்கை பிடித்துக் கொடுத்த அந்த வாக்கு முறிந்ததைப் பற்றித்தான். நாடு கடத்த வந்த கிரியோனின் காலைப் பிடித்துக் கெஞ்சி ஒரே ஒரு நாள் அவகாசம் பெறுகிறாள். அவன் தலை மறைந்ததும், காரியம் இல்லாவிட்டால் அவனைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று அங்கிருக்கும் பெண்களிடம் சொல்கிறாள்.

அடுத்து ஏதென்ஸ் மன்னன் ஈஜியஸ் வருகிறான். இக்காட்சி நாடகத்தோடு ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகக் குறை சொல்லி வந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நாடகத்தின் அச்சாணியே இதுதான். பிள்ளையில்லாத அவனுக்கு மருந்து தந்து அக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி, அவள் அடைக்கலம் கேட்கிறாள். அவன் சம்மதித்த பிறகும் அவள் விடுவதில்லை. என் மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் கேட்க, நம்பிக்கை இருக்கிறது, ஆனால் பகைவர்கள் வந்து கேட்கும்போது வெறும் வாய்ச்சொல் நிற்காது என்கிறாள். பூமியின் மேலும், தன் பாட்டனாகிய சூரியன் மேலும், எல்லாத் தெய்வங்கள் மேலும் ஆணையிடச் சொல்லி, எதைச் செய்வாய், எதைச் செய்யமாட்டாய் என்று பத்திரம் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாக அவன் வாயால் வரவழைக்கிறாள். மீறினால் என்ன தண்டனை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். ஜேசனிடம் பட்ட அனுபவம் அந்த ஒவ்வொரு கேள்வியிலும் தெரிகிறது. போக்கிடம் உறுதியான பிறகுதான், நஞ்சு தோய்ந்த ஆடையையும் பொன்முடியையும் மணமகளுக்கு அனுப்பும் திட்டத்தை அவள் வெளியே சொல்கிறாள்.

பிள்ளைகளைக் கொல்வதற்கு முன் அவர்களை அணைத்து, அந்த மென்மையான மேனியையும் இனிய மூச்சையும் சொல்லிச் சொல்லி அவள் கலங்கும் இடத்தை, எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில், சூரியன் தந்த தேரில் பிள்ளைகளின் உடல்களோடு அவள் உயரே நிற்கிறாள். கீழே ஜேசன், அதே மென்மையான மேனியை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன் என்று மன்றாடுகிறான். முடியாது என்று சொல்லிவிட்டு அவள் ஏதென்ஸை நோக்கிப் புறப்படுகிறாள்.