எட்டு வேகன், இரண்டு பாயிண்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடல் ரயில் கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் அதைத் தொடங்குவதே இல்லை. ஏன் என்று கேட்டால் வீட்டில் இடமில்லை என்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது ரயில் சுற்றிச் சுற்றி வரும் வட்டப்பாதை. அதற்கு இடம் வேண்டும்தான். இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு ரயில்வேயைப் பற்றி. நீளம் 1.2 மீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். இதில் ரயில் எந்த ஊருக்கும் போகாது. ஒரு சின்ன எஞ்சின், எட்டு கூட்ஸ் வேகன், பாதையைப் பிரிக்கும் பாயிண்ட் இரண்டு, வேகன்கள் நிற்கும் கிளைப்பாதை, அதாவது சைடிங், மூன்று. எஞ்சினின் வேலை ஷண்டிங், அதாவது வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசை மாற்றுவது.

இடம் கிடைக்காதவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் செய்வது இது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பெரிய லேஅவுட்டுகளையும், அதாவது பலகைமேல் கட்டிய மாடல் ரயில்பாதைகளையும், ஓட்டியிருக்கிறேன். வட்டப்பாதையில் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் நமக்கு அங்கே வேலை இல்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம். ஷண்டிங் லேஅவுட்டில் ஒவ்வொரு அசைவையும் நாம்தான் யோசித்துச் செய்ய வேண்டும். அந்த யோசனை எங்கிருந்து பிறக்கிறது என்றால், தண்டவாளம் குட்டையாக இருப்பதிலிருந்து. இடம் தாராளமாக இருந்தால் ஆட்டமே இல்லை. இதைத்தான் இன்று விளக்கப் பார்க்கிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது. பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் இடது ஓரத்திலிருந்து வலது பக்கமாக ஒரு கோடு இழுங்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் ஒரு பாயிண்ட். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேராகப் போகும் கோடு தாளின் வலது ஓரம் வரை போய் முட்டி நிற்கட்டும். அது நீள சைடிங், ஐந்து வேகன் நிற்கும். பிரிந்து போகும் கோட்டில் உடனே இன்னொரு பாயிண்ட் வைத்து மறுபடியும் இரண்டாகப் பிரியுங்கள். அவை குட்டை சைடிங்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று வேகன். முதல் பாயிண்டுக்கு இடது பக்கம் மிச்சம் இருக்கும் துண்டுதான் ஷண்டிங் நெக். அதில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கலாம். படம் முடிந்தது.

இந்த அமைப்பை உலகுக்குத் தந்தவர் ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடலர். அவர் கட்டிய லேஅவுட்டின் பெயர் இங்கிள்நுக் சைடிங்ஸ். வடகிழக்கு இங்கிலாந்தில் ஆல்ன்விக்கிலிருந்து கார்ன்ஹில் போன கிளைப்பாதையில் இருந்த கில்ஹாம் சைடிங்ஸ் என்ற உண்மையான இடத்தைப் பார்த்து அமைத்தது. இன்று உலகம் முழுவதும் இந்த வகை லேஅவுட்டை இங்கிள்நுக் என்றே சொல்கிறார்கள்.

ஆட்டத்தின் விதி எளிது. எட்டு வேகனுக்கும் ஒவ்வொரு சீட்டு. சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் வந்தனவோ, அதே வரிசையில் அந்த ஐந்து வேகனையும் நீள சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது, எஞ்சின்தான் இழுக்க வேண்டும், தள்ள வேண்டும். எத்தனை விதமான வரிசை வரும்? முதல் சீட்டுக்கு எட்டு வாய்ப்பு, அடுத்ததற்கு ஏழு, பிறகு ஆறு, ஐந்து, நான்கு. பெருக்கினால் 6720. இரண்டே பாயிண்டில் இவ்வளவு. எந்த வரிசை வந்தாலும் சேர்த்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு. வழி இல்லாமல் மாட்டிக்கொள்ளும் நிலை இதில் கிடையாது.

ஒரு கட்டத்தை மட்டும் ஓட்டிக் காட்டுகிறேன். நீள சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கிறது. பாயிண்ட் பக்கத்திலிருந்து அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது, கடைசி முட்டில். மற்ற மூன்று வேகன் ஒரு குட்டை சைடிங்கை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு குட்டை சைடிங் காலி. நமக்கு வேண்டாத வேகன் அந்த ஐந்தாவதுதான், அதை வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, முன்னால் இருக்கும் மூன்றை இழுத்துக் காலி சைடிங்கில் தள்ளிவிட்டு, திரும்பி வந்து நான்கையும் ஐந்தையும் இழுக்கலாம் என்பது. செய்து பாருங்கள். இரண்டு குட்டை சைடிங்கும் நிரம்பிவிட்டன. கையில் நான்கும் ஐந்தும் இருக்கின்றன. ஐந்தை விடுவதற்கு நீள சைடிங்கைத் தவிர வேறு இடமே இல்லை. பழைய இடத்துக்கே திரும்பப் போக வேண்டியதுதான்.

சரியான வழி இது. மூன்றையும் இழுங்கள். காலி சைடிங்கில் இரண்டை மட்டும், அதாவது இரண்டாவதையும் மூன்றாவதையும் விடுங்கள். முதல் வேகனை எஞ்சினோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே நீள சைடிங்குக்கு வந்து நான்கையும் ஐந்தையும் கோத்து இழுங்கள். இப்போது நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும், சரியாக அடங்கும். இரண்டு நிற்கும் சைடிங்கில் பாக்கி ஓர் இடம் இருக்கிறது அல்லவா? அங்கே தள்ளினால் கடைக்கோடியில் இருக்கும் ஐந்தாவது அந்த இடத்தில் போய் உட்காரும். அதைக் கழற்றிவிட்டு முதலையும் நான்காவதையும் நீள சைடிங்குக்கே கொண்டுவந்துவிடலாம். ஐந்து வெளியே வந்துவிட்டது.

கையில் ஒன்றை வைத்துக்கொண்டே போய் இன்னும் இரண்டை எடுப்பது என்ற இந்தத் தந்திரத்தை உண்மையான யார்டில் ஷண்டிங் ஊழியர்கள் அன்றாடம் செய்கிறார்கள். இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். நெக்கில் ஐந்து வேகன் பிடிக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தால்? ஐந்தையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்து, ஐந்தாவதைக் காலி சைடிங்கில் விட்டுவிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தள்ளிவிடலாம். யோசிக்க எதுவுமே இருந்திருக்காது. அதனால்தான், கட்டுகிறவர்கள் மேசையில் மிச்சம் இடம் இருக்கிறது என்று நெக்கை நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். தயவுசெய்து நீட்டாதீர்கள்.

அதே நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறையவும் கூடாது. மூன்றாவது வேகனின் கடைசிச் சக்கரம் பாயிண்டின் அசையும் தண்டவாளத்தைத் தாண்டி நெக்குக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பாயிண்டை மாற்ற முடியாது, மாற்றினால் வேகன் தடம்புரளும். சைடிங் பக்கத்திலும் இப்படித்தான். பாயிண்டை விட்டு இரண்டு பாதையும் போதுமான அளவு விலகிய பிறகுதான் முதல் வேகன் நிற்கலாம். ரயில்வேயில் அந்த எல்லையை ஃபௌலிங் மார்க் என்பார்கள். அதற்கு முன்னால் நிற்கும் வேகனைப் பக்கத்துப் பாதையில் வரும் வேகன் உரசும். சைடிங்கின் நீளம் கணக்கிடும்போது பாயிண்ட் முடியும் இடத்திலிருந்து அளக்காமல் இந்த மார்க்கிலிருந்து அளக்க வேண்டும். அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஆகவே நான் எல்லாரிடமும் சொல்வது, முதலில் எஞ்சினையும் எட்டு வேகனையும் வாங்குங்கள், பிறகு பலகை வாங்குங்கள். வேகன்கள் ஒரே நீளமாக இருக்கட்டும். அவற்றைக் கோத்து மேசைமேல் நிறுத்தி அளவெடுங்கள். உதாரணத்துக்கு ஓஓ அளவு, அதாவது நிஜத்தில் 76 பங்கில் ஒரு பங்கு. கோத்த நிலையில் ஒரு நான்கு சக்கர வேகன் 85 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வேகன் 425 மில்லிமீட்டர். 120 மில்லிமீட்டர் எஞ்சினோடு மூன்று வேகன் 375. மாடல் தண்டவாளம் செய்யும் பீக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் சிறிய வளைவு பாயிண்ட் ஒன்றின் நீளம் 185. நெக், முதல் பாயிண்ட், நீள சைடிங் மூன்றையும் கூட்டினால் 985. நெக், இரண்டு பாயிண்ட், குட்டை சைடிங் என்று கூட்டினால் 1000. ஏறக்குறைய ஒரே நீளம். ஃபௌலிங் மார்க்குக்கும் கடைசியில் வைக்கும் தடுப்பான பஃபருக்கும் கொஞ்சம் சேர்த்தால் 1.2 மீட்டர் பலகைக்குள் முடிந்துவிடும். நீள சைடிங்கை முதல் பாயிண்டிலேயே பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதற்கும் இடமில்லை என்றால் ‘N’ என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும் அளவு இருக்கிறது, 160 பங்கில் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். எல்லாம் பாதியாகச் சுருங்கும். அல்லது அளவை மாற்றாமல் சைடிங்குகளை மூன்று, இரண்டு, இரண்டு என்று குறைத்து, நெக்கில் எஞ்சினோடு இரண்டு வேகனுக்கு மட்டும் இடம் விட்டு, ஐந்து வேகனில் மூன்றைச் சேர்க்கலாம். அதில் 60 வரிசைதான் வரும். பழகுவதற்கு நல்லது, ஆனால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9 மில்லிமீட்டர் ப்ளைவுட், வளையாமல் இருக்க அடியில் மரச்சட்டம். வைக்கும் இடத்தில் ரசமட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கழற்றிவிட்ட வேகன் தானாக உருண்டு போய்விடும்.

மின்சாரம் அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. ஷண்டிங் என்றால் ஊர்ந்து போக வேண்டும், வேகனை மெல்லத் தொட வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். தண்டவாளத்திலிருந்துதான் எஞ்சினுக்கு மின்சாரம் கிடைக்கிறது. வேகமாகப் போகும் எஞ்சின் ஓர் அழுக்குப் புள்ளியை அந்த வேகத்திலேயே கடந்துவிடும். ஊர்ந்து போகும் எஞ்சின் அதன்மேல் நின்றுவிடும். நான்கு சக்கரம், ஆறு சக்கரம் உள்ள குட்டை எஞ்சின்கள்தான் இதில் ஓடும் என்பதால் பிரச்சினை இன்னும் கூடும். பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் இடம் சில வகைகளில் பிளாஸ்டிக்காக இருக்கும், அங்கே மின்சாரம் இல்லை. அந்த வகை வேண்டாம். உலோகமாக உள்ளதை வாங்கி, பாயிண்ட் மாறும்போதே அந்தப் பகுதியின் துருவமும் மாறும்படி ஒரு சுவிட்சைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு அடுத்த உள்பக்கத் தண்டவாளங்களை இன்சுலேட்டட் இணைப்பால் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஒயர் சால்டர் செய்யுங்கள். இணைப்புத் தகடு மின்சாரம் கடத்தும் என்று நம்பி விடாதீர்கள், நாளாக ஆக அது தளரும். ஓட்டுவதற்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைப்பது, கோலம் போடுவதற்கு முன் வாசலைக் கூட்டுவது மாதிரி வழக்கமாகிவிட வேண்டும்.

அடுத்தது கப்ளிங், அதாவது வேகன்களைக் கோக்கும் இணைப்பு. ஆட்டம் முழுக்கக் கோப்பதும் கழற்றுவதும்தான். கேடி கப்ளிங் என்ற அமெரிக்க வகை எனக்கு மிகவும் பிடித்தது. தண்டவாளத்துக்கு நடுவில் புதைத்த காந்தத்தின் மேல் நிறுத்தி, இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால் கப்ளிங்கின் விரல் போன்ற கொக்கிகள் விலகும். பிறகு வேகனை வேண்டிய தூரம் தள்ளிவிட்டு எஞ்சின் திரும்பலாம், மறுபடி கோத்துக்கொள்ளாது. ஆனால் நிரந்தரக் காந்தம் என்றால் நாம் நினைக்காத நேரத்திலும் கழற்றிவிடும். சுவிட்ச் போட்டால் மட்டும் வேலை செய்யும் மின்காந்தம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. செலவு வேண்டாம் என்பவர்கள், சாதாரணக் கொக்கி கப்ளிங்கை வளைத்த கம்பியால் தூக்கிவிட்டே ஓட்டலாம். நிஜத்தில் ஷண்டிங் ஊழியர் கம்போடு இறங்கி நடந்து போய்க் கழற்றுவார். ஆகவே அதில் குறை ஒன்றுமில்லை.

எந்த கப்ளிங்காக இருந்தாலும் வேகனில் எடை வேண்டும். லேசான வேகனை எஞ்சின் தொட்டால் அது கோத்துக்கொள்ளாமல் நழுவி ஓடும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ., ஹெச்ஓ அளவு, அதாவது 87 பங்கில் ஒரு பங்கு, வேகனுக்கு அடிப்படையாக 28 கிராம், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம் என்று பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. எட்டு வேகனும் ஒரே எடையாக இருப்பதுதான் முக்கியம்.

ஜல்லி, கட்டடம், செடிகொடி எல்லாம் உங்கள் ரசனை. இரண்டே விஷயம் சொல்கிறேன். ஜல்லியை ஒட்டும் பசை பாயிண்டின் அசையும் பாகத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. கை நுழைந்து கழற்ற வேண்டிய இடத்துக்கு முன்னால் உயரமான கட்டடம் வைக்கக் கூடாது. கிடங்குகளின் முன்பாதியை மட்டும் செய்து பின்சுவரோடு ஒட்டிவிட்டால் அகலமும் மிச்சம்.

இன்னொரு புகழ்பெற்ற அமைப்பும் உண்டு, டைம்சேவர். கலிஃபோர்னியாவில் மாபெரும் லேஅவுட் கட்டிய ஜான் ஆலன் போட்டி விளையாட்டாக அதை வடிவமைத்தார். ஐந்து பாயிண்ட், எஞ்சின் வண்டியின் மறுமுனைக்குச் சுற்றிவர ஒரு லூப். சவாலானதுதான். ஆனால் அப்படி ஒரு யார்டை எந்த ரயில்வேயும் கட்டாது. இங்கிள்நுக்கைப் பார்த்தால் எங்கோ ஒரு சின்ன கூட்ஸ் ஸ்டேஷன் தெரியும். முதல் லேஅவுட்டுக்கு என் ஓட்டு அதற்கே.

தனியாக ஓட்டலாம். இரண்டு பேராக ஓட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். ஒருவர் டிரைவர், கன்ட்ரோலர் அவர் கையில். இன்னொருவர் ஷண்டர், சீட்டும் பாயிண்டும் கழற்றும் கம்பியும் அவரிடம். டிரைவருக்குச் சீட்டைக் காட்டக் கூடாது. முன்னால் வா, பின்னால் போ, மெதுவாக, நில் என்ற கைச்சாடை மட்டும்தான் பேச்சு. ஐந்தும் வரிசையில் சேர்ந்ததும் ஆளை மாற்றிக்கொண்டு சீட்டுகளை மறுபடி குலுக்குங்கள். வேகன்களைக் கலைத்து வைக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்தே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கலாம்.

வணக்கம்.