பாட்டியின் ஜெபமும் பேரனின் "தாவர பயா"வும்

வணக்கம், மிங்கலாபா! யங்கூன் தமிழ் வீடுகளில் பாட்டி 23ஆம் சங்கீதத்தை "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லுவார். பர்மியப் பள்ளியில் படித்த பேரன் அதையே "தாவர பயா" என்று தொடங்குவான். அந்தத் "தாவர" எங்கேயோ கேட்ட சொல் மாதிரி இல்லையா? ஆமாம், நம் செடிகொடிகளைச் சொல்லும் தாவரம்தான்!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனுக்கு (இன்றைய யங்கூன்) வந்தார். பர்மியமும், பௌத்த நூல்களின் மொழியான பாலியும் படித்தார். முதல் ஆங்கிலோ-பர்மியப் போரின்போது அன்றைய தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டார். அவருடைய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் ஒளித்துக் காத்தார்கள். 1834இல் முழு வேதாகமத்தையும் பர்மியத்தில் மொழிபெயர்த்து முடித்தார்.

[திரையில்: யங்கூனின் ஷ்வேடகோன் பகோடா]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். "பயா" என்றால் புத்தர், பகோடாவும் பயா, கடவுளும் பயாதான். இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு எதைச் சொன்னாலும் மக்களுக்கு ஒட்டாது. அப்படியே எடுத்துக்கொண்டால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாது. அதனால் "பயா"வின் முன்னால் ஒரு பாலிச் சொல் நிற்கிறது: தாவர. அசையாதது, நிலைத்திருப்பது என்று பொருள். இடம்விட்டு அசையாததால்தான் மரம் நமக்குத் தாவரம் ஆயிற்று, வேர் ஒன்றுதான்.

எல்லாமே அநித்தியம் என்று பௌத்தம் போதிக்கும் நாட்டில், அதே பௌத்தத்தின் பாலியிலிருந்து எடுத்த சொல்லால் "நிலைத்திருக்கும் பயா" என்று சொல்வது எத்தனை துணிச்சல்! யாத்திராகமத்தில் மோசே பெயர் கேட்கும்போது வரும் பதிலையும் நினைத்துப் பாருங்கள்: "இருக்கிறவராக இருக்கிறேன்." அந்தப் பதிலோடு சேர்ந்த "யாவே" என்ற எபிரெயப் பெயருக்குத் தமிழில் "கர்த்தர்" என்று வைத்தோம், செய்பவர், தலைவர் என்ற பொருள் முன்னால் வருகிறது. பர்மியத்தில் நிலைத்திருப்பவர் என்பது முன்னால் வருகிறது. எனக்கு இரண்டுமே வேண்டும். இரண்டு மொழியிலும் ஜெபிக்கிற நமக்கு இது பெரிய பாக்கியம்.

"ஜெபம் போதும், இறையியல் படிப்பு எதற்கு?" என்று சபையில் பெரியவர்கள் கேட்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஐயா, அம்மா, அந்த ஜெபத்தின் முதல் சொல்லே யாரோ பல வருஷம் எபிரெயமும் பாலியும் படித்ததால் வந்தது. தமிழிலும் அதே கதைதான். வேதாகமத்தைத் தமிழாக்கிய ஜெர்மானிய மிஷனரி பப்ரீஷியஸ், கடவுளைப் "பராபரன்" என்றார். 1871இல் வந்த திருப்புதலில் "தேவன்" ஆயிற்று. கத்தோலிக்கர் "சர்வேசுரன்" என்றார்கள். 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "கடவுள்". ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் மேசையில் உட்கார்ந்து வாதாடியவர்கள் இருக்கிறார்கள். யங்கூனின் இன்செயின் பகுதியில் இறையியல் படிக்கும் பிள்ளைகள் செய்வதும் இந்த வேலைதான். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போக ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.

சரி, ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி ஜெபத்தை எந்தச் சொல்லால் தொடங்குவார்? பராபரனே? தேவனே? ஆண்டவரே? கமெண்டில் எழுதுங்கள், ஊர் பெயரோடு. மோல்மீன், பெகு பக்கத்து உறவுகள் கட்டாயம் எழுதுங்கள்.