நஞ்சுக்கொடியைக் கடந்து எது போகிறது? நிலாவெளித் தோட்டத்திலிருந்து ஒரு கேள்வி

வணக்கம் உறவுகளே. திருகோணமலை நிலாவெளியில், தங்கச்சி வீட்டு வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்று பேசுகிறேன். அவளுக்கு இது நான்காம் மாதம். மச்சான் மருந்தடித்துவிட்டுக் கழற்றிய சேட்டை நேற்று வாளியில் ஊறப்போட்டவள், கையில் நுரையோடு நிமிர்ந்து, "அண்ணா, இது பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதெண்டு எப்படிப் பாக்கிறவங்கள்?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் சினையுற்ற எலிகளிலும் முயல்களிலும்தான் பார்க்கிறார்கள். ஆனால் 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற தூக்க மருந்து, எலிக் குட்டிகளின் கைகால்களைப் பாதிப்பதில்லை. மனிதக் கருவிலோ, கருக்கட்டி ஏறத்தாழ 20 முதல் 36 நாட்களுக்குள், அதாவது தாய்க்கே தான் கர்ப்பிணி என்று உறுதியாகாத நாட்களில், அது அவற்றைக் குலைத்துவிடுகிறது. அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் செரிப்ளொன் என்னும் புரதத்தில் எலிக்கும் நமக்கும் உள்ள சிறு வேறுபாடே இதற்கு முக்கிய காரணம். அத்துடன், பள்ளியில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அந்த நஞ்சுக்கொடியும் விலங்குக்கு விலங்கு வெகுவாக மாறுபடுகிறது.

ஆகவே மனித இழையத்தையே கேட்கிறார்கள். நம் வளவில் குழி தோண்டித் தாழ்க்கிற அதே நஞ்சுக்கொடியைத் தாயின் சம்மதத்தோடு பிரசவ அறையிலிருந்து வாங்கி, அதன் ஒரு சோணையில் தாய்ப்பக்கம் ஒரு குழாயும் பிள்ளைப்பக்கம் ஒரு குழாயும் பொருத்தி, 37 பாகை வெப்பத்தில் திரவத்தை ஓடவிட்டு, ஒரு பக்கம் கலந்த இரசாயனம் மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்கள். பிள்ளை வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் அந்த இழையம் வேலை செய்துகொண்டிருப்பது என்னை நெகிழ வைக்கிறது.

ஆனால் அது பத்து மாதம் முதிர்ந்த கொடி; முதல் வாரங்களைப் பற்றி அது பேசாது. அதற்காகவே 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆரம்பக் கர்ப்பத்து நஞ்சுக்கொடிக் கலங்களிலிருந்து நுண்ணிய இழைய உருண்டைகளை வளர்த்தார்கள். அவை சுரக்கும் ஓமோனால், கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டியிலேயே கோடு விழும். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நஞ்சுக்கொடிக் கலங்களையும் மறுபக்கம் சிசுவின் குருதிக்குழாய்க் கலங்களையும் வளர்க்கும் சிறு 'சிப்' (chip) தகடுகளும் உள்ளன.

கடந்து போனது கருவுக்குள் என்ன செய்யும் என்பதற்கு, பலவகைக் கலங்களாக மாறக்கூடிய மனிதக் குருத்துக் கலங்களில் வேறு சோதனை வேண்டும். அதிலும் இரசாயனங்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் சோதிக்கிறார்கள். மச்சானின் தாங்கியில் நேற்று இரண்டு மருந்துகள் கலந்திருந்தன. அந்தக் கலவை பிள்ளைக்குப் பழுதில்லை என்று என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை. வாளியை வாங்கி, கையுறை போட்டு, சேட்டை நானே அலசிக் காயவிட்டேன்.