வாசலில் நிற்கும் புதியவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். கிறிஸ்துமஸ் நாளான 25ஆம் தேதி விடிவதற்கு வெகு முன்பாகவே ஆலய மணி அடித்துவிடும். வேலை மாற்றலாகி ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், பல ஆண்டுகளாக ஆலயத்தின் பக்கமே வராதவர்கள், நண்பர் அழைத்தாரே என்று வரும் பிற சமயத்தார் எனப் பலரும் அந்த அதிகாலை ஆராதனைக்கு வருகிறார்கள். அவர்களை வரவேற்பது பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். இயேசு பிறந்த இரவில் பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லாமல் போன கதையை நான் இழுக்கப்போவதில்லை; அதைக் குருவானவர் பிரசங்கத்தில் பார்த்துக்கொள்வார்.

1826இல் கட்டப்பட்ட ஊசிக்கோபுர ஆலயம் நிற்கும் வட்டாரம் இது. பழைய சபைகள் இங்கே நிறைய உண்டு. பழைய சபைகளில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு என்பது எழுதாத சட்டம். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் போயிருந்த ஓர் ஆலயத்தில், கைக்குழந்தையோடு வந்திருந்த இளம் தம்பதியை மூன்று முறை இடம் மாற்றினார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. "கொஞ்சம் தள்ளி இருங்க, அண்ணாச்சி வீட்டார் வருவாங்க" என்றுதான் சொன்னார்கள். காணிக்கைப் பாட்டு தொடங்கியபோது அந்தத் தம்பதியைக் காணவில்லை.

பாடல் எண் எழுதிய பலகையைப் பார்த்துப் புதியவர் விழிப்பதையும் கவனித்திருக்கிறேன். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை வேறு, நம் ராகங்களில் பாடும் கீர்த்தனை வேறு, இரண்டுக்கும் தனித்தனி எண் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர் தம் புத்தகத்தைப் பிரித்து, பாடுகிற வரியில் விரலை வைத்து நீட்டினால் போதும். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு யார் முன்னே வரலாம், வராதவர்கள் தயக்கமின்றி அமர்ந்திருக்கலாம் என்பதையும் குருவானவர் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இவையெல்லாம் எளிதில் சரிசெய்யக்கூடியவை. எனக்கு உறுத்தலாக இருப்பது, ஆராதனை முடிந்து கேக்கும் தேநீரும் கொடுக்கிற நேரத்தில் நாம் கேட்கும் கேள்விகள்தான். "சொந்த ஊர் எது? அப்பா பேர் என்ன? அங்கே எந்தத் தெரு?" என்று அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால், மூன்றாவது கேள்வியில் நாம் தேடுவது சாதியைத்தான் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குழந்தையின் பெயரையோ, வேலை எப்படிப் போகிறது என்பதையோ, வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பதையோ கேட்டால் பேச்சு தானாகவே வளரும். வாசலில் நின்று வரவேற்கும் வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கு இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. பெரியவர்களும் கூடவே உட்காரலாம்.

வீடு வீடாகப் பாடிவரும் கீதபவனிக்குப் போகும்போது புதிதாகக் குடிவந்தவர் வீட்டின் முன் ஒரு பாட்டு பாடிவிட்டு, காணிக்கைப் பையை நீட்டாமல் திரும்பலாம். பண்டிகை முடிந்து, ஜனவரி முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்வருவது அதைவிட முக்கியம். கையில் நாலு முந்திரிக்கொத்து எடுத்துப் போங்கள். சபைச் சந்தா வசூலிக்கும் புத்தகத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.